பழைய கணக்குக் கருவி ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால், எதை?

போன் எல்லாக் கணக்கையும் போட்டுவிடுகிறது. இருந்தும் பழைய கணக்குக் கருவி ஒன்றை வாங்கிப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நல்ல ஆசை அது. அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் என்றால் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கிவிடலாம். அடிக்கடி கையில் எடுத்துப் பயன்படுத்த ஒன்று வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. சொரோபான், கர்ட்டா, ஸ்லைடு ரூல், 1970களின் சிவப்பு எண் கால்குலேட்டர், அதற்கு அடுத்த தலைமுறை எல்சிடி கால்குலேட்டர் என்று பட்டியல் நீள்கிறது.

பொதுவாக இவற்றை வேகத்தையும் துல்லியத்தையும் வைத்து ஒப்பிடுவார்கள். அந்த இரண்டிலும் போனை எதுவும் நெருங்கப்போவதில்லை, ஆகவே அந்த ஒப்பீட்டால் நமக்குப் பயனில்லை. நான் பார்ப்பது வேறு: ஒரு கணக்கில் எந்த வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது, எந்த வேலையை நம் தலைக்கு விட்டுவைக்கிறது? ஒவ்வொரு கருவியும் இந்தப் பங்கை வேறு விதமாகப் பிரிக்கிறது. நம்மிடம் விட்ட பங்கு எதுவோ அதில்தான் நாம் தேர்ச்சி பெறுவோம். எதில் தேற விரும்புகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் கருவியை முடிவு செய்வது சுலபம்.

கூட்டலும் கழித்தலும்தான் உங்கள் கணக்கில் பெரும்பகுதி என்றால் சொரோபானே போதும். இது ஜப்பானிய மணிச்சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே 5 மதிப்புள்ள ஒரு மணி, கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகள். சீனர்களின் சுவான்பானில் வழக்கமாக மேலே இரண்டு, கீழே ஐந்து இருக்கும், அதனால் சில எண்களை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வைக்க முடியும். சொரோபானில் ஓர் இலக்கத்துக்கு ஒரே வடிவம்தான். கண்ணும் விரலும் தடுமாற இடமில்லை.

7-உடன் 8-ஐக் கூட்டுவதை எடுத்துக்கொள்வோம். கம்பியில் மேல் மணியும் கீழே இரண்டு மணிகளும் ஏற்கெனவே நிற்கின்றன. இன்னொரு 8-க்கு அங்கே இடமில்லை. ஆகவே 2-ஐக் கழித்துவிட்டு 10-ஐக் கூட்டுகிறோம். அதாவது கீழே இருக்கும் இரண்டு மணிகளையும் விலக்குகிறோம், இடப்பக்கக் கம்பியில் ஒரு மணியை ஏற்றுகிறோம். 15 வந்துவிட்டது. ஏழும் எட்டும் பதினைந்து என்ற மனப்பாடம் எங்கேயும் தேவைப்படவில்லை. 10-க்கு 8 எவ்வளவு குறைவு என்பது விரலுக்குத் தெரிந்தால் போதும். இப்படிப் பழகிய விரல்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1946 நவம்பர் 12 அன்று டோக்கியோவில் நடந்த போட்டி சாட்சி. அமெரிக்க ராணுவ நாளிதழான ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் அதை நடத்தியது. ஒரு பக்கம் மின்சாரக் கணக்கு இயந்திரத்துடன் அமெரிக்கப் படைவீரர் தாமஸ் வுட், மறுபக்கம் சொரோபானுடன் கியோஷி மட்சுஸாகி. 4-க்கு 1 என்ற கணக்கில் சொரோபான் வென்றது. இயந்திரத்துக்குக் கிடைத்த அந்த ஒன்று பெருக்கலில்.

அந்த ஒன்றையும் கவனிக்க வேண்டும். சொரோபானில் பெருக்கல் என்பது வாய்ப்பாட்டைத் தலையில் சொல்லிச் சொல்லி, வரும் எண்களைக் கம்பிகளில் கூட்டிக்கொண்டே போவது. எண்ணைத் தாங்கி நிற்பது மட்டும்தான் சட்டத்தின் வேலை. மற்ற எல்லாம் நம்முடையது. அதனால் மனக்கணக்கு பலமாக வளரும், நன்கு பழகியவர்கள் கடைசியில் சட்டமே இல்லாமல், மணிகளை மனத்தில் நகர்த்தியே கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வர நீண்ட நாள் தொடர் பயிற்சி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துப் பார்க்கிறவருக்குச் சொரோபான் எதையும் தராது. இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது.

ஆடியேட்டர் என்ற தகட்டுக் கருவியும் இந்தக் குடும்பத்தில் உண்டு. ஜெர்மனியில் 1920 முதல் பல பத்தாண்டுகள் செய்தார்கள். ஊசி ஒன்றால் பற்களுள்ள தகடுகளை மேலும் கீழும் இழுத்துக் கூட்டலாம், கழிக்கலாம். அடுத்த இடத்துக்கு 1 ஏற்ற வேண்டியபோது ஊசியை மேலே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். மலிவு, மெல்லியது, சட்டைப்பையில் நிற்கும். ஆனால் பழகுவதற்கு அதில் ஒன்றுமில்லை, முதன்மைக் கருவியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயந்திரங்களில் ஆசை உள்ளவர்கள் தேடுவது கர்ட்டாவைத்தான். உள்ளங்கையில் அடங்கும் கருப்பு உருளை, உச்சியில் சின்னக் கைப்பிடி. மிளகு அரைக்கும் கருவி என்றே அதற்குச் செல்லப்பெயர். முதல் வகையின் எடை ஏறத்தாழ 230 கிராம், உள்ளே சுமார் 600 பாகங்கள். 8 இலக்க எண்ணை உள்ளே வைத்து 11 இலக்க விடை வரை பெறலாம்.

இதை வடிவமைத்த கர்ட் ஹெர்ட்ஸ்டார்க் வியன்னாவில் கணக்கு இயந்திரங்கள் செய்த குடும்பத்தில் பிறந்தவர். கையடக்கமாக நான்கு செயல்களையும் செய்யும் இயந்திரத்தை 1930களிலேயே யோசித்து, 1938-இல் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். தந்தை யூதர். 1943-இல் கைதாகிப் புகென்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். அவருடைய கருவியைப் பற்றிக் கேள்விப்பட்ட முகாம் அதிகாரிகள், போரில் வென்றபின் ஹிட்லருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று சொல்லி வரைபடங்களை முடிக்கச் சொன்னார்கள். அதை வரைந்துகொண்டிருக்கும் வரை உயிர் தப்பலாம் என்ற நம்பிக்கையில் அவர் வரைந்தார். 1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டபோது வரைபடங்கள் கிட்டத்தட்ட முடிந்திருந்தன. பிறகு லிக்டன்ஸ்டைன் அரச குடும்பத்தின் ஆதரவில் தொழிற்சாலை அமைந்து, 1940களின் கடைசியில் கர்ட்டா விற்பனைக்கு வந்தது. 1970களின் தொடக்கம் வரை, இரண்டு வகையும் சேர்த்துச் சுமார் 1,40,000 செய்யப்பட்டன. கர்ட்டாவை வெறும் சேகரிப்புப் பொருளாக மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. உயிருக்கு உத்தரவாதமில்லாத இடத்தில் ஒரு மனிதர் இவ்வளவு நுணுக்கமான ஒன்றை நினைவிலிருந்து காகிதத்தில் இறக்கியிருக்கிறார்.

அதற்குள் இருக்கும் யோசனையும் அந்த மதிப்புக்கு உரியது. லைப்னிட்ஸ் காலத்திலிருந்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் படிப்படியான பற்கள் கொண்ட தனி உருளை வைப்பதே வழக்கம். இயந்திரம் மேசை அளவுக்குப் பெருத்ததற்கு அது முக்கியக் காரணம். ஹெர்ட்ஸ்டார்க் நடுவே ஒரே ஓர் உருளையை வைத்து, எல்லா இலக்கங்களையும் அதைச் சுற்றி நிறுத்தினார். அப்படியானால் கழித்தல்? கைப்பிடியைச் சற்று மேலே இழுத்துச் சுற்றினால் உருளையின் வேறு பற்கள் வேலைக்கு வரும். அவை நாம் வைத்த எண்ணின் நிரப்பியை, அதாவது 8-க்கு 2 என்பது போன்ற மீதி எண்ணைக் கூட்டும். 8-க்குப் பதில் 10-ஐயும் 2-ஐயும் கையாண்ட சொரோபான் விரல்கள் செய்ததையே இங்கே எஃகு செய்கிறது.

235-ஐ 34-ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு நழுவிகளில் 235-ஐ வைத்து, கைப்பிடியை 4 முறை சுற்ற வேண்டும். மேல்பகுதியைத் தூக்கி ஓரிடம் திருப்பி, மேலும் 3 முறை சுற்ற வேண்டும். ஒரு சாளர வரிசையில் 34, இன்னொன்றில் 7990. சரி, 99-ஆல் பெருக்க? ஒன்பதும் ஒன்பதுமாகப் பதினெட்டு சுற்று தேவையில்லை. நூறின் இடத்தில் ஒரு முறை கூட்டி, ஒன்றின் இடத்தில் ஒரு முறை கழித்தால் இரண்டே சுற்றில் முடிந்தது. கர்ட்டா நமக்கு விட்டுவைப்பது இதைத்தான்: வழியைத் திட்டமிடுவது. இலக்கங்களை ஒழுங்காகக் கூட்டும் பொறுப்பை முழுக்க அது எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் வேண்டாம், தொட்டே இயக்கலாம் என்பதால் எலெக்ட்ரானிக் கால்குலேட்டர்கள் வந்தபிறகும் கார் ராலிகளில் நேரமும் தூரமும் கணக்கிட இதை வைத்திருந்தார்கள்.

ஆனால் கர்ட்டாவுக்கு விலை மிக அதிகம், புதிதாகச் செய்வதும் நின்றுபோய்விட்டது. பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான், அனுபவமில்லாமல் நாமே திறந்தால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. தினமும் பையில் போட்டுக்கொண்டு அலைய மனம் வராது. பயன்படுத்தத்தான் வாங்குகிறோம் என்ற நம் நிபந்தனை அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஸ்லைடு ரூல், அதாவது எண்ணளவுகள் பொறித்த, நடுச்சட்டம் நழுவும் கோல். என் தேர்வு இதுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜான் நேப்பியர் மடக்கையை (லாகரிதம்) 1614-இல் வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வழி அது. ஹென்றி பிரிக்ஸ் 10-ஐ அடிமானமாக வைத்து அட்டவணைகள் தயாரித்தார். பள்ளிகளில் பல தலைமுறைகள் புரட்டிய மடக்கை அட்டவணைக்கு மூலம் அதுவே. 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் மடக்கைகளை ஒரு கோலின்மேல் நீளங்களாகவே குறித்தார். கவராயத்தால் நீளங்களை அளந்து கூட்டினால் பெருக்கல் முடிந்துவிடும். சில ஆண்டுகளில் வில்லியம் ஆட்ரெட் அப்படிப்பட்ட இரண்டு அளவுகோல்களை ஒன்றையொட்டி ஒன்று நழுவவிட்டார். கவராயத்துக்கு வேலை போனது. 1850 வாக்கில் பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி அமெடே மான்ஹைம் அமைத்த அளவுகோல் வரிசையும், மெல்லிய கோடு போட்ட கர்சர் என்ற நகரும் துண்டும் உலகம் முழுக்கப் பரவின.

25 சென்டிமீட்டர் நீள அளவுகோலில் 2 இருப்பது தொடக்கத்திலிருந்து சுமார் 7.5 சென்டிமீட்டரில், 3 இருப்பது சுமார் 11.9-இல். இரண்டு நீளங்களையும் சேர்த்தால் 19.4-க்குச் சற்று மேலே வரும். அங்கே 6 நிற்கிறது. ஸ்லைடு ரூலின் முழு ரகசியமும் இவ்வளவுதான், ஒளிந்திருக்கும் பாகம் எதுவும் கிடையாது. கர்ட்டாவை இயக்குகிறவர் உள்ளே நடப்பதை நம்ப வேண்டும். ஸ்லைடு ரூலை நகர்த்துகிறவர் அதைக் கண்ணால் பார்க்கிறார்.

இப்போது 2.3-ஐ 3.4-ஆல் பெருக்குங்கள். நகரும் சட்டத்தின் சி அளவுகோலில் உள்ள 1-ஐ, கீழே டி அளவுகோலில் 2.3-க்கு நேரே வைத்து, சி-யில் 3.4-க்கு நேரே டி-யில் பார்த்தால் 7.82. கடைசி 2 கண்மதிப்பில் வருவது. 23-ஐ 340-ஆல் பெருக்கினாலும் சட்டம் அதே இடத்தில்தான் நிற்கும். 0.23-ஐ 0.034-ஆல் பெருக்கினாலும் அப்படியே. விடை 7820-ஆ, 0.00782-ஆ என்பதைக் கருவி சொல்லவே சொல்லாது. தசமப் புள்ளி எங்கே விழும் என்பது நம் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் 'இருபது சொச்சம் பெருக்கல் முந்நூறு சொச்சம், ஏழாயிரம் எட்டாயிரம் வரும்' என்று மனம் ஒரு கணம் நிதானித்துத்தான் ஆக வேண்டும்.

பலர் இதை ஸ்லைடு ரூலின் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது அதன் பெரிய கொடை. கால்குலேட்டரில் ஒரு சுழியம் கூடுதலாகத் தட்டிவிட்டால், பத்து மடங்கு தவறான விடை அழகாக எட்டு இலக்கத்தில் வந்து நிற்கும், நாமும் அதை எழுதிக்கொண்டு போவோம். விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அந்தத் தவறு உடனே கண்ணில் படும். அந்தப் பழக்கத்தைக் கட்டாயமாகக் கற்றுத்தரும் கருவி இந்தப் பட்டியலில் ஸ்லைடு ரூல் ஒன்றே. துல்லியத்தைப் பற்றியும் அது உண்மையைச் சொல்கிறது. 25 சென்டிமீட்டர் கோலில் மூன்று இலக்கம் கிடைக்கும், 1-க்குப் பக்கத்தில் நான்கு. அளந்து எடுத்த எண்களே மூன்று இலக்கத்துக்குமேல் நம்பத்தக்கவையாக இல்லாதபோது விடையில் பத்து இலக்கம் வைத்து என்ன செய்ய?

இன்னொரு சிறப்பும் உண்டு, இதை எலெக்ட்ரானிக் கருவிகள் எவையும் இவ்வளவு இயல்பாகச் செய்வதில்லை. சி-யின் 1-ஐ டி-யின் 1.609-க்கு மேல் வைத்துவிடுங்கள். இனி எதையும் நகர்த்த வேண்டாம். சி முழுக்க மைல், டி முழுக்கக் கிலோமீட்டர். 5-க்கு நேரே 8.05, 3-க்கு நேரே 4.83. ஒரே நகர்த்தலில் முழு விகித அட்டவணையும் கண்முன் விரிகிறது. வரைபட அளவு, கலவை விகிதம், வேகமும் நேரமும் என்று விகிதம் வரும் இடத்திலெல்லாம் இது கைகொடுக்கும். விமானிகள் பயன்படுத்தும் இ6பி என்ற வட்ட வடிவக் கருவி இதே தத்துவம்தான், விமானப் பயிற்சியில் அது இன்னும் ஒழிந்துவிடவில்லை.

குறைகளையும் பார்ப்போம். ஸ்லைடு ரூலால் கூட்டவும் கழிக்கவும் முடியாது. வரவு செலவு பார்க்கிறவருக்கு இது உதவாது, அவர் சொரோபானிடம் போகட்டும். அதிகத் துல்லியம் வேண்டுமென்றால் கோலின் நீளத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1878-இல் வந்த ஃபுல்லர் கருவி 12.7 மீட்டர் நீள அளவுகோலை உருளையின்மேல் திருகுச்சுற்றாக ஏற்றியது. ஓட்டிஸ் கிங் என்ற பைக்கருவி ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தைக் கைக்குள் அடக்கி நான்கு இலக்கம் தந்தது. இரண்டும் அருமையானவை, ஆனால் ஒரே பார்வையில் விகிதத்தைப் படிக்கும் அந்த இன்பம் திருகுச்சுற்றில் போய்விடுகிறது.

எலெக்ட்ரானிக் கால்குலேட்டருக்கு வருவோம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெர்ரிமன், ஜேம்ஸ் வான் டாசல் மூவரும் 1967-இல் கையடக்க மாதிரி ஒன்றை முடித்தார்கள், அது விடையைக் காகித நாடாவில் அச்சிட்டது. 1971-இல் ஜப்பானின் பிசிகாம் ஒற்றைச் சிப்பில் இயங்கும் சட்டைப்பைக் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. 1972-இல் வந்த ஹ்யூலெட் பேக்கர்ட் (எச்பி) நிறுவனத்தின் எச்பி-35 ஸ்லைடு ரூலின் கதையை முடித்தது. சைன், காஸ், மடக்கை என்று ஸ்லைடு ரூல் செய்த அத்தனையையும் பத்து இலக்கத்தில் செய்தது. விலை 395 டாலர், சம்பளம் வாங்கும் பொறியாளருக்கே கனமான தொகை. ஆனால் 1976-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-30 சுமார் 25 டாலருக்கு வந்துவிட்டது. முன்னணி ஸ்லைடு ரூல் நிறுவனமான கியூஃபெல் அண்ட் எஸ்ஸரும் அந்த ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

எச்பி-35-இன் தொடக்கக் கருவிகளில் ஒரு பிழை இருந்தது. 2.02-இன் இயல் மடக்கையை எடுத்து, மறுபடி அதன் எதிர்ச்செயலைச் செய்தால் 2.02 வர வேண்டும். வந்தது 2. மூன்று இலக்கம் தரும் மரக்கோலே இதைக் கண்டுபிடித்துவிடும். 1974-இன் சின்க்ளேர் சயின்டிஃபிக்கும் மறக்க முடியாதது. 320 கட்டளைகளுக்கு மட்டுமே இடமிருந்த சிப்பில் முக்கோணவியலையும் மடக்கையையும் அடக்கினார்கள். மாறிலிகளை வைக்க உள்ளே இடமில்லாமல், அவற்றைக் கருவியின் முகப்பிலேயே அச்சடித்தார்கள். விடை மெதுவாக வரும், கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. ஆனாலும் அந்த நிரலின் சிக்கனம் வியக்க வைக்கிறது.

இந்தச் சிவப்பு எண் தலைமுறையை நேசிக்கலாம், ஆனால் பயன்பாட்டுக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கசிந்து உள்ளிணைப்புகளை அரித்திருக்கும். சிவப்பு எண்கள் மின்சாரத்தைக் குடிக்கும், எச்பி-35 ஒரு சார்ஜில் சில மணி நேரம்தான் ஓடியது. சிப் போனால் மாற்று கிடைக்காது.

எலெக்ட்ரானிக்தான் வேண்டும் என்றால் 1980களின் எல்சிடி கருவிகளுக்கு வாருங்கள். எச்பி-12சி 1981-இல் வந்த நிதிக் கணக்குக் கருவி. அதே உருவத்தில் பல பத்தாண்டுகள் விற்பனையில் நீடித்தது. பொறியியலுக்கு 1982-இன் எச்பி-15சி, 2023-இல் அது மறுபதிப்பாகவும் வந்தது. இவற்றில் சமக்குறி விசையே கிடையாது. எண்களை முதலில் அடுக்கி, செயலைப் பின்னால் சொல்ல வேண்டும். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 5-ஆல் பெருக்க: 3, என்டர், 4, கூட்டல், 5, பெருக்கல். விடை 35. அடைப்புக்குறி போடும் வேலை இல்லை. கணக்கின் உள்ளிருந்து வெளியே எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம், எண்களைக் கையாளுவதை அது பார்த்துக்கொள்கிறது. இந்த முறை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள, எச்பி-42எஸ் கருவியை அப்படியே நடிக்கும் ஃப்ரீ42 செயலியைப் போனில் இலவசமாக இறக்கிப் பாருங்கள். தினசரி வேலையில் நீண்ட சூத்திரங்கள் வருகிறவர்களுக்கு ஸ்லைடு ரூலைவிட இதுவே பொருத்தம், அதை மறுக்க மாட்டேன்.

மற்றவர்களுக்கு ஸ்லைடு ரூல். பழகச் சில மாலைகள் போதும், பேட்டரி கிடையாது, கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் பழையவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. தொலைந்தாலும் இன்னொன்று கிடைக்கும் என்பதால் தயங்காமல் வெளியே எடுத்துப் போகலாம். ஏ, பி, சி, டி, கே ஆகிய அளவுகோல்களும், முக்கோணவியலுக்கு எஸ் (S, சைன்), டி (T, டேன்ஜென்ட்) என்ற இரண்டும் இருக்கும் 25 சென்டிமீட்டர் கோலே தொடங்குவதற்குச் சரி. இருபதுக்கும் மேற்பட்ட அளவுகோல் உள்ளவை முதலில் குழப்பும். ஹெம்மி நிறுவனத்தின் மூங்கில் கோல்கள் வழுவழுவென்று நகரும், மூங்கில் ஈரத்தால் அதிகம் வளையவும் செய்யாது. பிக்கெட் அலுமினியத்தில் செய்தது, அவர்களுடைய சிறிய கோல் ஒன்று அப்போலோ பயணங்களிலும் போயிருக்கிறது. பழைய அலுமினியக் கோல்களில் சில இறுகிப்போயிருக்கும், நகர்த்திப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபேபர் கேஸ்டல் பிளாஸ்டிக் கோல்கள் சிலவற்றின் முதுகில் ஆடியேட்டரும் பொருத்தியிருப்பார்கள். கூட்டலும் வேண்டும் என்பவருக்கு அந்த இரட்டைக் கருவி நல்ல தீர்வு.

வாங்கும்போது இரண்டு சோதனைகள் போதும். சி-யின் 1-ஐ டி-யின் 1-க்கு நேரே வையுங்கள், மறுமுனையில் 10-ம் 10-ம் முடியளவுகூட விலகாமல் நிற்க வேண்டும். விலகினால் கோல் சுருங்கியிருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து கர்சரின் மெல்லிய கோட்டை டி-யில் 2-க்கு மேல் கொண்டுவாருங்கள், மேலே வர்க்கங்களைக் காட்டும் ஏ-யில் சரியாக 4-ஐ வெட்ட வேண்டும், டி-யில் 3 என்றால் ஏ-யில் 9. வெட்டாவிட்டால் கர்சர் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான கோல்களில் அதன் சின்னத் திருகாணிகளைத் தளர்த்தி, கோட்டை நேராக்கி, மறுபடி இறுக்கிக்கொள்ளலாம்.